பின்வாசலில் வைத்த கதிர்

உங்கள் வீட்டுப் பின்கதவு முழுசாகத் திறக்கிறதா, இல்லை அதன் பின்னால் எதையாவது அடுக்கி வைத்துவிட்டு ஒருக்களித்துப் போய் வருகிறீர்களா? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம், மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நான் தவிட்டியின் கதையைச் சொல்கிறேன்.

தவிட்டி ஒரு வயல் எலி. தவிட்டு நிறம், அதனால் அந்தப் பெயர். அவள் புருஷன் கருவாயன். இரண்டு பேரும் ஒரு நெல்வயலின் வரப்புக்குள் வீடு தோண்டிக் குடியிருந்தார்கள். வீடு என்றால் பெரிசாக ஒன்றுமில்லை. படுக்க ஓர் அறை. கதிர் வைக்க ஒரு குழி. வயல் பக்கம் ஒரு முன்வாசல். வரப்பின் முதுகில் ஒரு பின்வாசல்.

இந்தப் பின்வாசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எலிகள் அதில் அன்றாடம் போக வர மாட்டார்கள். வெளி வாயை விரல் தடிமனுக்கு மண்ணால் மூடி வைத்திருப்பார்கள். மேலே நடந்து போகிறவர்களுக்கு அங்கே ஒரு வழி இருப்பதே தெரியாது. முன்வாசலில் பாம்பு வரட்டும், தண்ணீர் வரட்டும், பிள்ளையைக் கவ்விக்கொண்டு அந்த வழியில் ஓடி, தலையால் ஒரு முட்டு! மண் உடையும். உயிர் பிழைக்கும். அதனால் எலி வீட்டில் எந்த மூலை எப்படிக் கிடந்தாலும் அந்த ஒரு வழி மட்டும் எப்போதும் காலியாக இருக்கும்.

நெல்மணி முற்றத் தொடங்கிய சமயம், தவிட்டிக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தன. கண் திறக்கவில்லை, ரோமம் முளைக்கவில்லை. தோல் மட்டும் இளஞ்சிவப்பாக மினுங்கியது. கருவாயன் மூன்று தடவை எண்ணினான். மூன்று தடவையும் ஆறு வந்ததில் அவனுக்கு ஒரே பெருமை!

பக்கத்து வளையிலிருந்து செங்காலி எட்டிப் பார்த்தாள். செங்காலி ஒரு வயல் நண்டு. அவளும் அதே வரப்பில்தான் குடியிருந்தாள். அவளுக்கும் அப்போதுதான் பிள்ளைகள். கடுகு கடுகாக, எண்ணி மாளாது. எல்லாவற்றையும் வயிற்று மடிப்புக்குள் வைத்துக்கொண்டே திரிவாள்.

"ஏடி தவிட்டி! ஆறா? உன் புருஷன் இனிமே தூங்கின மாதிரிதான்!"

"போடி! உன் வயித்துல இருக்கறதை முதல்ல எண்ணிச் சொல்லு!"

"எண்ணி என்ன பண்ண? நான் நடந்தா அதுங்களும் நடக்கும். அது போதும் எனக்கு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்ல நாட்கள் அவை. ஒரு நாளைக்கு இரண்டு கதிர் இருந்தால் தவிட்டி வீட்டுக்குப் போதும். குழியில் இருபது கதிர் இருந்தது. தின்று, குடித்து, பால் கொடுத்து, தூங்கினார்கள்.

ஏழாம் நாள் பிள்ளை பார்க்க நாத்தனார் வந்தாள். கருவாயனுக்கு அக்கா. பெயர் வெள்ளைமூக்கி. மதகுப் பக்கத்து வரப்பில் குடியிருப்பவள். அவளுக்கு எட்டுப் பிள்ளைகள். வாயில் ஒரே ஒரு கதிரைக் கவ்விக்கொண்டு வந்தவள், அதைப் பிள்ளைகளின் காலடியில் போட்டுவிட்டு, மூக்கைத் தூக்கி நாலு பக்கமும் மோந்து பார்த்தாள்.

"ஏண்டி, வீடு இவ்வளவுதானா?"

"ஆமாம் அண்ணி. எங்களுக்குப் போதுது."

"போதுதா! ஆறு பிள்ளையைப் பெத்து வச்சுக்கிட்டு ஒரு குழிக் கதிரா? நாளைக்கு அறுப்பு முடிஞ்சு வயல் மொட்டையா நிக்கும். அப்ப என்னடி பண்ணுவே? மண்ணைத் திம்பியா?"

"அறுத்த வயல்ல சிந்தின மணி கிடக்குமே அண்ணி. போன வருஷம் அப்படித்தானே இருந்தோம்!"

"அது ரெண்டு பேரா இருந்தப்போ! என் வீட்டுல வந்து பாரு. ஏழு அறை. ஏழும் ரொம்பி வழியுது. எந்த அறையில என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது! படுக்கிற இடத்துல மிட்டாய்த் தாள் விரிச்சிருக்கேன். உள்ள நுழைஞ்சா கண்ணைக் கூசும்! என் தம்பி பிள்ளைங்க மட்டும் வெறும் புல்லுல படுக்கணும்னு தலையெழுத்தா?"

கருவாயன் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். அக்கா முன்னால் அவனுக்கு வாயே திறக்காது.

வெள்ளைமூக்கி போய்விட்டாள். காலையில் இருந்த அதே வீடுதான். அவள் போன பிறகு பார்த்தால் தவிட்டிக்கு இத்தனூண்டாகத் தெரிந்தது. கூரை தலையில் இடிப்பது போல இருந்தது. இருபது கதிரைப் பார்த்தாள். இரண்டு கதிர் போல இருந்தது.

"ஏங்க, ஒரே ஒரு அறை மட்டும் கூடுதலா தோண்டுவோமா?"

"நானும் அதைத்தான் நெனச்சேன் புள்ள!"

தோண்டினார்கள். கருவாயன் நல்ல உழைப்பாளி. வயலில் இறங்கி ஒரு கடி கடித்தால் பயிர் சாயும், கதிர் வாய்க்கு வரும். ஒரே நாளில் அந்த அறை ரொம்பியது. ரொம்பியதும் என்ன தோன்றும்? இன்னோர் அறை வேண்டும் என்றுதான் தோன்றும். இரண்டாவது தோண்டினார்கள். அதுவும் ரொம்பியது. மூன்றாவது, நாலாவது என்று வரப்புக்குள் நீள நெடுக, மேலும் கீழுமாக அறைகள் ஆயின.

அதற்குள் தின்கிற விதமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு கதிரை எடுத்தால் கடைசி மணிவரை கொறிப்பார்கள். இப்போது நுனியைக் கடித்துவிட்டு மிச்சத்தைத் தள்ளிவிட்டார்கள். புதுக்கதிர் வந்து குவியும்போது பழசை யார் தின்பது? அடியில் கிடந்தது பூஞ்சணம் பிடித்தது. ஒரு நாள் தவிட்டி பழைய குழியைக் கிளறிப் பார்த்தாள். குப்பென்று வாடை அடித்தது.

"ஏங்க, இது எல்லாம் மக்கிப் போச்சுங்க!"

"போனா போகுது விடு. வெளியில எவ்வளவோ இருக்கு!"

அவளும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டாள். மூடினால் வாடை தெரியாது, இல்லையா?

ஒரு நாள் செங்காலி கோபமாக வந்தாள். இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு வந்த வேகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஏடி! காலையில கண்ணசந்தேன். முழிச்சுப் பாத்தா என் சுவத்துல உன் புருஷன் மூக்கு நீட்டிக்கிட்டு நிக்குது! இது என் வீடா, உங்க வீட்டு நாலாவது அறையா?"

தவிட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தெரியாம வந்திருப்பாரு, கோவிச்சுக்காதே. ஓரமா ஒரு அறைதான்."

"வரப்புல உள்ள மண்ணையெல்லாம் வாரி வெளியில தள்ளிட்டீங்க. அப்புறம் வரப்புன்னு நிக்கறது என்னடி? வெறும் தோல்தான் நிக்கும்!"

"உனக்கென்ன செங்காலி, ஒரு சாமானும் இல்லாதவ. பேசுவே!"

"இல்லாததாலதாண்டி என் சுவர் இன்னும் நிக்குது!"

செங்காலி முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து போனாள். தவிட்டிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதற்குள் சின்னது ஒன்று பாலுக்குக் கத்தியது. மறந்துவிட்டாள்.

மறுநாள் கருவாயன் வாய் கொள்ளாத கதிரோடு வந்தான். முதல் அறையைப் பார்த்தான். இடமில்லை. இரண்டாவதைப் பார்த்தான். இடமில்லை. எல்லா அறையும் பார்த்துவிட்டு, கதிரைக் கவ்வியபடியே நடுவழியில் நின்றான்.

"இதை எங்க வைக்கறது புள்ள?"

"வெளியில போட்டுடுங்களேன்."

"நல்ல கதிரு! போட மனசு வருமா? இன்னைக்கு ஒரு நாளைக்குப் பின்வாசல் வழியில வச்சுடறேன். நாளைக்கு எடுத்துடலாம்."

தவிட்டி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது. மனசில் சுருக்கென்று தைத்தது. அந்த வழியில் ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் எழுந்தால் பிள்ளைகள் கத்தும். ஒரு நாளைக்குத்தானே!

"சரி, நாளைக்கு மறக்காம எடுத்துடுங்க."

மறுநாள் எடுக்கவில்லை. அதன்மேல் இன்னும் நாலு சாத்தினான். அதற்கு மறுநாள் இன்னும் பத்து. படுக்கும்போதெல்லாம், விடிந்ததும் முதல் வேலை அதுதான் என்று தவிட்டி நினைத்துக்கொள்வாள். விடிந்தால் வேறு வேலை வந்துவிடும். பின்வாசல் வழி அடியிலிருந்து வாய்வரை கதிரால் அடைந்தது. பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதையே அவள் விட்டுவிட்டாள்.

பிள்ளைகள் பிறந்து பதினாறாம் நாள். அன்று காலையில்தான் மூன்று பிள்ளைகளுக்குக் கண் திறந்திருந்தது. அம்மா முகம் எப்படி இருக்கும் என்று அவை முதல் தடவையாகப் பார்த்தன. கருவாயன் ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்று, "நான்தான் அப்பா! நான்தான் அப்பா!" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நடுப்பகலில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அறுப்பு நேரத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை. சொட்டுச் சொட்டாக இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. செங்காலி முன்வாசலில் வந்து நின்றாள்.

"தவிட்டி! கிளம்பு! வயல்ல தண்ணி ஏறுது. நான் மேட்டு வரப்புக்குப் போறேன்!"

"தண்ணிக்கு நீ பயப்படலாமா? நீ நண்டுடி!"

"தண்ணிக்குப் பயமில்லை. இந்த வரப்பு நிக்காது! வா, பிள்ளைங்களைத் தூக்கு!"

"உன் சாமானெல்லாம்?"

"என்ன சாமான்?" என்று கேட்டாள் செங்காலி. அவள் வீடு மாற்றி முடித்தாயிற்று. அவ்வளவுதான் அவளுடைய வீடு.

தவிட்டி உள்ளே திரும்பிப் பார்த்தாள். கீழ் அறைகளில் கதிர் குவிந்து கிடந்தது. எத்தனை நாள் உழைப்பு! நனைந்தால் எல்லாம் போய்விடும்.

"நீ முன்னால போ. கீழ் அறைக் கதிரை மட்டும் மேல் அறைக்கு ஏத்திட்டு வந்துடறோம்!"

"கதிர் கிடக்கட்டும்டி! முதல்ல பிள்ளைங்களை எடு!"

"ஒரே நிமிஷம்!"

அந்த ஒரு நிமிஷத்தில் அவளும் கருவாயனும் வாயில் கதிரோடு ஓடி ஓடி ஏற்றினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த அறைதான் காய்ந்த அறை. பழைய கதிரின் மேல் புதுக்கதிரைத் திணித்தார்கள். கூரைவரை முட்டியது. இன்னும் ஒரு நடை, இன்னும் ஒரே ஒரு நடை என்று ஓடினார்கள். முன்வாசலில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. கருவாயன் மண்ணைத் தள்ளி அடைத்தான்.

அப்போது வரப்புக்குள் தொப்பென்று ஒரு சத்தம். குடைந்து குடைந்து மெலிந்து போன கீழ் அறைச் சுவர் விழுந்துவிட்டது. வயல் தண்ணீர் மொத்தமும் வீட்டுக்குள் திரும்பியது.

"பிள்ளைங்க!" என்று கத்தினாள் தவிட்டி.

முதல் பிள்ளையைக் கவ்விக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள். ஓடிய வேகத்தில் தலையால் முட்டினாள். மண் இல்லை. கதிர்! மேலிருந்து கசிந்த மழையில் ஊதி, ஒன்றோடொன்று இறுகி, பலகை போல நின்றது. மறுபடியும் முட்டினாள். அசையவில்லை.

"நகரு! நான் இழுக்கறேன்!" என்று கருவாயன் வந்தான். பல்லால் ஒரு கதிரை இழுத்தான். இழுத்ததை எங்கே போடுவது? பின்னால் போட்டான். அது தண்ணீரில் மிதந்து பின்னால் இருந்த வழியை அடைத்தது. இன்னொன்றை இழுத்தான். அதுவும் அப்படித்தான். மற்றப் பிள்ளைகள் கீழே இருந்தன.

தவிட்டி வாயிலிருந்த பிள்ளையை அங்கேயே ஒரு மேட்டில் வைத்துவிட்டுக் கீழே ஓடினாள். இரண்டாவதைக் கவ்வினாள். ஒரு வாய்க்கு ஒரு பிள்ளைதானே! மேல் அறைக்கு ஓடினாள். அந்த ஓர் அறைக்குள் மட்டும் இன்னும் தண்ணீர் வரவில்லை. ஆனால் அங்கே பிள்ளை வைக்க இடமில்லை. சற்று முன் அவளே ஏற்றி வைத்த கதிர் கூரைவரை நின்றது. மூக்கைக்கூட நுழைக்க முடியவில்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த வாசலில் அவள் நின்ற நிலையை நான் எப்படிச் சொல்ல?

"தவிட்டி! எங்கடி இருக்கே!" வெளியே செங்காலியின் குரல். போனவள் திரும்பி வந்துவிட்டாள். வரப்பின் முதுகில் நின்றுகொண்டு கொடுக்கால் மண்ணைக் கிளறினாள். கதிரைப் பிடித்து வெளியே இழுத்தாள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. வெளிச்சம் ஒரு கீற்று உள்ளே வந்தது. தவிட்டி வாயில் பிள்ளையோடு அதைப் பார்த்து ஓடி வந்தாள்.

"போ! அந்தப் பிள்ளையோட போ!" என்று கருவாயன் அவளைப் பின்னாலிருந்து தள்ளினான். "மேட்டுல இருக்கறதையும் மத்ததையும் நான் எடுத்துட்டு வர்றேன்!"

தவிட்டி வெளியே வந்து விழுந்தாள். வாயில் ஒரு பிள்ளை. திரும்பி உள்ளே போகக் காலை வைத்தாள். காலுக்குக் கீழே மண் இல்லை. வரப்பு, உட்காருவது போல மெல்ல உட்கார்ந்தது. பிறகு ஒரே பாய்ச்சலாகத் தண்ணீர் அடுத்த வயலுக்குள் ஓடியது. புல்லும் மண்ணும் கதிருமாகச் சுழன்றுகொண்டு போயிற்று.

"ஏங்க!" என்று கூப்பிட்டாள். "ஏங்க!"

மழைச் சத்தம்தான் கேட்டது.

சாயங்காலம் மழை விட்டது. வெயில்கூட வந்தது. தவிட்டி உடைப்பின் ஓரமாகவே நடந்தாள். சேற்றைக் கிளறினாள். புல்லை விலக்கினாள். ஒவ்வொரு கட்டிக்கும் பின்னால் போய் மோந்து பார்த்தாள். செங்காலியும் கூடவே தேடினாள். கருவாயனும் கிடைக்கவில்லை, ஐந்து பிள்ளைகளும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் கதிர்தான். சேற்றில், தண்ணீரில், செடியடியில், திரும்பின பக்கமெல்லாம் கதிர்.

தப்பித்த பிள்ளை கண் திறக்காத மூன்றில் ஒன்று. அதற்கு அப்பா முகம் தெரியாது.

இரண்டு நாள் அவள் எதையும் தின்னவில்லை. பால் வற்றிவிட்டது. செங்காலி சிந்தின மணியாக நாலைப் பொறுக்கி வந்து முன்னால் வைத்தாள்.

"தின்னுடி. உனக்காக இல்லை. அதுக்காக."

தவிட்டி நாலு மணியையும் தின்றாள். பால் கொஞ்சம் சுரந்தது. ஒரு தாய்க்கும் ஒரு பிள்ளைக்கும் நாலு மணி போதுமாக இருந்தது. போதுமாக இருந்ததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் விஷயம் கேள்விப்பட்டு வெள்ளைமூக்கி ஓடி வந்தாள். வரும்போதே அழுகை.

"ஐயோ என் தம்பி! என் கூடப்பிறந்தவனே! ஏழு அறை வீட்டுல உன்னைப் பாக்கணும்னு நெனச்சேனே!"

பொய் அழுகை இல்லை. நிஜமாகத்தான் அழுதாள். தம்பி பெயரைச் சொல்லிச் சொல்லித் தரையில் புரண்டாள். புரண்டு எழுந்தபோது அவள் பார்வை பக்கத்தில் கிடந்த கதிரில் விழுந்தது. அழுகை கொஞ்சம் குறைந்தது.

"இந்த ரெண்டு நல்லாத்தானே இருக்கு? முளைகூட விடலை. இங்க கிடந்து வீணாத்தானே போகும்? நான் எடுத்துக்கட்டுமா?"

தவிட்டி பிள்ளையை நக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைமூக்கி அந்த இரண்டையும் வாயில் கவ்விக்கொண்டாள். கவ்விக்கொண்டே பேசினாள்.

"நீ இங்க கிடக்காதே. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கூட வா. என்ன, இடம்தான் கொஞ்சம் இடிக்கும். ஏழு அறையும் ரொம்பிடுச்சு. இப்பப் பின்வாசல் வழியிலகூடக் கதிர்தான் வச்சிருக்கேன். நீ முன்வாசல் ஓரமா ஒடுங்கிப் படுத்துக்கலாம்."

செங்காலி கொடுக்கைத் தூக்கினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தவிட்டி அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். பிள்ளையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுந்து, தள்ளாடி நடந்து, நாத்தனாரின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணி, நான் உங்ககிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை. இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த ரெண்டு கதிரையும் இங்கயே போட்டுட்டு வீட்டுக்கு ஓடுங்க, ஓடிப்போய் அந்தப் பின்வாசலைக் காலி பண்ணுங்க. தேவைக்கு மேல வீட்டுக்குள்ள சேத்து வைக்கிற ஒவ்வொண்ணும் நம்ம பிள்ளைங்க உயிரோட இருக்க வேண்டிய இடத்தைத்தான் அடைக்குது அண்ணி!"